கசப்பு ரகம்

ஜனவரி 3

இல்லை, தேய்வதில்லை. நொதியின் விசேஷமே அதுதான். ஒரு மூலக்கூறைப் பிடிக்கிறது, வெட்டுகிறது, விடுகிறது. உடனே அடுத்ததைப் பிடிக்கிறது. நொடிக்குள் நூற்றுக்கணக்கில். வேலை முடிந்த பிறகும் தொடங்கும்போது இருந்த மாதிரியே இருக்கிறது.

எழில்மதி கேட்டபோது இவ்வளவு நேராகச் சொல்ல வரவில்லை. "அருவாளே நாலு நாள்ல மழுங்கிப் போவுது. இது மட்டும் எப்டிக்கா தேயாத இருக்கும்?" என்றாள். நான் ஆற்றல், தடை, வேகம் என்று எங்கெங்கோ போனேன். "புக்குல இருக்கறதையே திருப்பிச் சொல்றீங்க" என்று சிரித்தாள்.

பிளஸ் டூ படிக்கிறாள். மாயவன், சாலம்மாள் மகள். இருவரும் எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்பவர்கள். பள்ளி விட்டதும் உயிரியல் படிக்க என்னிடம் வருவாள். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சிமெண்ட் தரையில் உட்காருவோம். உள்ளே வா என்று முதல் நாள் சொன்னேன். "இங்கியே காத்து வருதுக்கா" என்றாள். நான் இரண்டாம் முறை சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

நொதியைப் பூட்டு என்றும் அது பிடிக்கும் பொருளைச் சாவி என்றும் சொல்கிற உவமை எனக்குப் பிடிக்காது. பூட்டு இரும்பு. நொதி வளைந்து கொடுக்கும். பிடிக்கிற பொருளும் கொஞ்சம் வளையும். அதைச் சொன்னதும், "வளையல்காரரு கைய அமுக்கற மாதிரியா?" என்றாள். அதேதான். சென்னையில் இரண்டு வருடம் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படித்தேன். ஒருவரும் வளையல்காரரைச் சொன்னதில்லை.

படிப்பு முடிந்து ஜூனிலிருந்து வடக்கனந்தலில் வீட்டோடு இருக்கிறேன். வெள்ளிமலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பதில் இல்லை.

ஜனவரி 8

ஜவ்வரிசி மில் ஏஜெண்ட் வந்திருந்தார். போன வருடம் அப்பாவுக்கு மரவள்ளிக் குச்சி கொடுத்தவர். காம்பு சிவப்பாக இருக்கும் புது ரகம். மாவு ஜாஸ்தி. பொங்கல் கழிந்து பிடுங்கலாம் என்று நாள் பார்த்தார்கள்.

காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். போகும்போது, "தழைய மட்டும் மாட்டுக்குப் போட்டுடாதீங்க. இது பழைய ரகம் மாதிரி இல்ல, கசப்பு" என்றார். அப்பா கொட்டகைப் பக்கம் திரும்பி அம்மாவிடம் அதையே சொன்னார். அம்மா என்னிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன்.

தலைவலி. சீக்கிரம் படுத்தேன்.

ஜனவரி 12

காலையில் வாசலில் சத்தம். சாலம்மாளின் ஆடுகள் வரப்பு தாண்டி வந்துவிட்டன.

அப்பா: "இன்னொரு வாட்டி உள்ள வந்துச்சு, அப்புறம் ஆடு இருக்காது, பாத்துக்க."

சாலம்மாள்: "வாயில்லா ஜீவன், ஐயா. அதுக்கு வரப்பு தெரியுமா?"

அப்பா: "ஒனக்குத் தெரியும் இல்ல?"

களையெடுக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்பா கோபத்தில் பேசவில்லை. எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

ஜனவரி 14

பொங்கல். எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 20

மரவள்ளி பிடுங்கினார்கள்.

இங்கே ஒரு வழக்கம். கிழங்கு நிலத்துக்காரருக்கு, தழை பிடுங்குகிறவர்களுக்கு. யாரும் யாரையும் கேட்பதில்லை. பெண்கள் தழையைக் கட்டாகக் கட்டி மதியம் வரை வெயிலில் போட்டு வைப்பார்கள். வாடியதும் சாயங்காலம் ஆட்டுக்கு. மிஞ்சுவது எங்கள் மாட்டுக்கு.

நான் வெயில் சாயும் நேரத்தில் போனேன். பிடுங்க வந்த மற்றவர்களுக்கு ஆடு கிடையாது, வெறுங்கையோடு கிளம்பிவிட்டிருந்தார்கள். சாலம்மாள் மட்டும் பெரிய கட்டோடு நின்றாள். "பாப்பா, ஒரு கை தூக்கி வுடு." தூக்கி விட்டேன். காம்பிலிருந்து பால் கசிந்து உள்ளங்கையில் பிசுபிசுத்தது. சோப்பு போட்டும் வாசனை போகவில்லை. பச்சையாக, லேசாகக் கசப்பாக.

கட்டுக்கு அடியில் அவள் முகம் தெரியவில்லை. வேகமாக நடந்தாள்.

ஜனவரி 21

சாலம்மாளின் ஆடுகள் செத்துவிட்டன. நான்கில் மூன்று. நேற்று சாயங்காலம் தழை தின்ற கொஞ்ச நேரத்திலேயே. இரண்டு சினை ஆடு.

எழில்மதியை நர்சிங் சேர்க்க என்று வளர்த்தவை. ஒவ்வொரு ஆட்டையும் காட்டி, இது ஹாஸ்டலுக்கு, இது யூனிபார்முக்கு என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

நான்காவதுக்குக் கால்நடை டாக்டர் ஊசி போட்டார். நிற்கிறதாம்.

எழில்மதி இன்று வரவில்லை.

ஜனவரி 22

பால் சொசைட்டி வாசலில் டாக்டரைப் பார்த்தேன். "ரத்தம் அவ்ளோ செவப்பா இருந்துச்சும்மா" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்காக எழுதி வைக்கிறேன்.

மரவள்ளி இலையின் ஒவ்வொரு செல்லிலும் நடுவே ஒரு பை. அதற்குள் லினமாரின். சர்க்கரையோடு கட்டிப்போட்ட சயனைடு. கட்டியிருக்கும்வரை விஷமில்லை. அதை அவிழ்க்கிற நொதி அதே செல்லில், வெளிச்சுவரில். கண்ணுக்குத் தெரியாத தூரம். இடையில் ஒரு சவ்வு. செடி வாழ்நாள் முழுக்க இரண்டையும் சந்திக்க விடுவதில்லை.

ஆடு மென்றதும் சவ்வு கிழிகிறது. நொதி லினமாரினைப் பிடித்து வெட்டுகிறது. சயனைடு வெளியே வருகிறது. நொதி தேய்வதில்லை. அடுத்ததைப் பிடிக்கிறது.

சயனைடு தன் வேலையைக் காட்டுவதும் நொதியிடம்தான். செல் மூச்சு விடுவதன் கடைசிப் படியில் ஒரு நொதி இருக்கிறது. பிராணவாயுவை வாங்கிக்கொள்ளும் இடம். சயனைடு அங்கே போய் அடைத்து உட்காருகிறது. ரத்தம் பிராணவாயுவைக் கொண்டுவந்து கொடுக்கிறது, வாங்க ஆளில்லை. கொண்டுவந்தது அப்படியே திரும்பிப் போகிறது. ரத்தம் அவ்வளவு சிவப்பாக இருந்தது அதனால்தான். மூச்சுக்காற்று நிறைய இருந்தும் மூச்சு முட்டிச் சாவது.

பழைய ரகத்தில் லினமாரின் கம்மி. அரை நாள் வெயில் போதும். இதற்குப் போதாது. சாலம்மாள் எப்போதும் செய்வதைத்தான் செய்தாள். ரகம் வேறு என்று அவளுக்கு யார் சொன்னது?

ஜனவரி 23

மாயவன் டீக்கடையில் சொல்லிவிட்டாராம். "கண்ணாயிரம் மருந்து வச்சுட்டாரு. ஆடு இருக்காதுன்னு அவரு வாயாலயே சொன்னாரு இல்ல?"

கண்ணாயிரம் என் அப்பா.

அவர் கத்தவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் வந்தார். "நாலு பேரு முன்னாடி சொன்னான். நாலு பேரு முன்னாடி மன்னிப்பு கேக்கட்டும். இல்லன்னா இந்த ஊர்ல அவனுக்கு வேல கெடையாது." மற்ற நிலத்துக்காரர்கள் எல்லாம் உறவு. சொன்னால் நடக்கும்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "தழையிலயே வெஷம் இருக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. நெஜமா?"

நிஜம் என்றேன்.

"அத வந்து சொல்லு. படிச்சவ சொன்னா கேப்பாங்க."

ஜனவரி 25

சொசைட்டி வாசல். பால் ஊற்ற வந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், வேறு வேலையில்லாதவர்கள். சொசைட்டி செயலாளர் சின்னதுரை எனக்கு நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

விளக்கினேன். இலை, பை, சவ்வு, நொதி. யாரும் எதுவும் வைக்கவில்லை, இலைக்குள்ளேயே இருக்கிறது என்றேன். நன்றாகவே விளக்கினேன். பின்னால் ஒருவர், "அப்ப கெழங்க நாம துன்றமே, நமக்கு ஆவாதா?" என்றார். இன்னொருவர், "ஒனக்கு இன்னா ஆவும், நீதான் தெனம் டாஸ்மாக்குல வெஷம் எறக்கிக்கினு வர்றியே" என்றார். சிரிப்பு. தோலை உரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்துக் கொட்ட வேண்டும், இந்த ரகம் வீட்டுக்கு வேண்டாம் என்றேன்.

எல்லாரும் மாயவனைப் பார்த்தார்கள்.

அப்போது எழில்மதி. பள்ளிச் சீருடையில், அவள் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரல். "அக்கா, ஒங்க வூட்டு மாட்டுக்கு அந்தத் தழைய ஏன் போடல?"

அவளுக்குத் தெரியும். கொட்டகை ஓரத்தில்தான் தினமும் உட்காருகிறாள். மாடுகள் என்ன தின்கின்றன என்று பார்த்திருக்கிறாள். எங்கள் மாடுகள் பழைய ரகத் தழையைப் போன வருடம் தின்றன. இந்த வருடம் மிச்சத் தழை நிலத்திலேயே கிடக்கிறது, மாட்டுக்குப் போடவில்லை.

அப்பா பதில் சொன்னார். "எங்க மாட்டுக்குச் சோளத்தட்டு இருக்குது. தழை எதுக்கு?"

சரியாகத்தான் பட்டது எல்லாருக்கும். எழில்மதி அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

நான் பால் கேன்களைப் பார்த்தேன். மூடிகளில் சிவப்பு பெயிண்டில் எண்கள்.

மாயவன் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "தெரியாத பேசிட்டேன், மன்னிச்சிக்குங்க ஐயா." அப்பா, "சரி சரி, போய் வேலையப் பாரு" என்றார். பெருந்தன்மையாக.

கூட்டம் கலைந்தது. பால் வண்டி வந்தது.

ஜனவரி 26

சொன்னது எதுவும் பொய் இல்லை.

ஜனவரி 28

அப்பாவிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏஜெண்ட் சொன்னதை ஏன் அவங்ககிட்ட சொல்லலை?"

"எத?"

"தழை."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அது தெரிந்தது. "யாரும் கேக்கலியே" என்றார்.

அம்மா குழம்பு ஊற்றினாள்.

நான் எதிர்பார்த்தது வேறு. வேண்டுமென்றே செய்தார் என்றால் அதற்கு ஒரு வடிவம் இருந்திருக்கும். வெறுக்கலாம். அப்படி ஒன்றும் இல்லை. அவர் காதுக்கு வந்த ஒரு வாக்கியம் கொட்டகைவரை போனது. மாடுவரை போனது. அதற்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

எனக்கு? எனக்கு மட்டும் தோன்றியதா? என்னிடமும் அம்மா சொன்னாள். தலைவலி என்று படுத்துவிட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து அதே தழையை என் கையால் தூக்கி அவ தலையில வச்சேன். அதுல கசப்பு வாசன வருதுன்னு கையக் கழுவிக்கினேன். இன்னா படிச்சு இன்னா?

ஜனவரி 29

எழில்மதி வருவதில்லை. மாயவன் எங்கள் நிலத்துக்கு வேலைக்கு வருவதில்லை. அப்பா கூப்பிட்டும் வரவில்லை. மன்னிப்புக் கேட்ட பிறகு வரமாட்டேன் என்று இருப்பது அப்பாவுக்குப் புரியவில்லை. "அதான் முடிஞ்சு போச்சே" என்கிறார்.

கொட்டகை ஓரத்தில் அவள் உட்காருகிற இடத்தில் கோழி படுத்திருக்கிறது.

ஜனவரி 31

வெள்ளிமலைப் பள்ளியிலிருந்து போன். திங்கட்கிழமை சேர வேண்டும்.

முதலில் தோன்றியது: போய்விட்டால் இதைச் சொல்ல வேண்டியிருக்காது. தோன்றியது என்று எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 1

காலையில் பால் கேனை நான் எடுத்துப் போனேன். வழக்கமாக அம்மா போவாள்.

சொசைட்டிக்கு எதிரில் கூலிக்காரர்கள் லோடு ஆட்டோவுக்காக நிற்பார்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் கரும்பு வெட்டு. மாயவன், சாலம்மாள் இருவரும் அங்கே நின்றார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஐந்தாறு பேர்.

எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. வரிசையை விட்டு நடந்து ரோட்டின் அந்தப் பக்கம் போனேன். கேன் கையிலேயே இருந்தது.

"எழில்மதி அன்னிக்குக் கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை" என்றேன். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. வரிசை திரும்பியது. "எங்க மாட்டுக்கு அந்தத் தழைய ஏன் போடலைன்னா, போடக் கூடாதுன்னு ஏஜெண்ட் முன்னாடியே சொல்லியிருந்தாரு. அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உங்களுக்குத்தான் யாரும் சொல்லலை."

நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. நான்கைந்து வாக்கியம்.

சின்னதுரை உள்ளேயிருந்து, "பாப்பா, பால ஊத்திட்டுப் போங்க, வண்டி வந்துரும்" என்றார்.

சாலம்மாள் என்னைப் பார்த்தாள். "கட்டத் தூக்கி வுட்டியே பாப்பா" என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூட இல்லை. ஒரு தகவலைச் சரிபார்க்கிற மாதிரி.

ஆமாம் என்றேன்.

பக்கத்தில் இருந்த பெண், "அப்ப மாயவன் அண்ணன் கேட்ட மன்னிப்ப யாரு திருப்பித் தர்றது?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மாயவன் இடுப்பில் இருந்த துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். ஆட்டோ வந்தது. ஏறினார்கள்.

திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். பால் ஊற்றினேன்.

பிப்ரவரி 2

நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்திருந்தது. அப்பா பேசவில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. என்னைத் திட்டினால் நான் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும். அதனாலோ என்னவோ.

பெட்டியில் துணி அடுக்கும்போது அம்மா வந்தாள். "நீ சொன்னது சரி. அங்க போய்ச் சொன்னதுதான் சரியில்ல."

"வேற எங்க சொல்றது?"

அம்மா ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தாள்.

பிப்ரவரி 3

வெள்ளிமலை. மலைப்பாதையில் பஸ் வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏறியது. அறை சின்னது. ஜன்னலுக்கு வெளியே சாமை அறுத்த நிலம். குளிர்.

பிப்ரவரி 6

இங்கேயும் அதே சிவப்புக் காம்பு. பள்ளிக்குப் பின்னால் சரிவில் நட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டுத் தழையைப் பற்றிச் சொன்னேன். அரை நாள் வாட்டினால் போதாது, இந்த ரகத்தை ஆட்டுக்கே போட வேண்டாம், வீட்டில் சொல்லுங்கள் என்றேன். ஒரு பெண், "பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்றாள். வராது என்றேன். பேனாவை மூடி வைத்தாள். பிறகு திறந்து எழுதினாள்.

பிப்ரவரி 11

அம்மா போனில்: மிச்சத் தழையை அப்பா குழி வெட்டி மூடச் சொன்னாராம். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். "சொன்னா என்னவாம்?" என்றேன். "நீ மலையிலயே இரு" என்றாள் அம்மா. சிரித்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 20

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன். அறையில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றால்தான். மூன்றாம் முறைதான் எடுக்க முடிந்தது.

"நான்தான்." எழில்மதி. அக்கா என்று சொல்லவில்லை. "டி.என்.ஏ. புரியல."

எது என்றேன்.

"ரெண்டு இழையும் ஓரத்துல அவ்ளோ கெட்டியா கட்டியிருக்குது. நடுவுல மட்டும் ஏன் பிணைப்பு அவ்ளோ கம்மியா வச்சிருக்குது? புட்டுக்காதா?"

புட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். அதற்காகத்தான் அப்படி. ஓரம் கெட்டியாக இருப்பது எழுத்து அழியாமல் இருக்க. நடு லேசாக இருப்பது பிரித்துப் படிக்க. அதைப் பிரிப்பதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. ஒரு முனையிலிருந்து விலக்கிக்கொண்டே போகும். பிரிந்த பிறகு ஒரு இழையைப் பார்த்தே எதிர் இழையை எழுதிவிடலாம். ஒன்றுக்கு எதிரில் இன்னொன்று என்ன என்பதில் ரகசியம் கிடையாது.

"பிரிக்காமயே இருந்தா?"

"இருக்கும். யாருக்கும் உபயோகம் இல்லாம."

எதிர்முனையில் பென்சில் சத்தம். பிறகு ஆடு கத்தும் சத்தம். அந்த நான்காவது.

"இன்னும் மூணு பாடம் பாக்கி இருக்குது" என்றாள். "அங்க கொட்டாய்க்கு வரமாட்டேன்."

தெரியும் என்றேன். சிக்னல் போய்விட்டது. திரும்பிக் கூப்பிட்டேன். சாலம்மாள் எடுத்தாள். சனிக்கிழமை வரலாமா என்று கேட்டேன். "வேலையில இருந்து வர பொழுது போயிடும். பொண்ணு வூட்லதான் இருக்கும்" என்றாள்.

பிப்ரவரி 22

முதல் பஸ்ஸில் இறங்கினேன். வடக்கனந்தலில் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக நடந்தேன். இருபத்து மூன்று வருடத்தில் அவர்கள் தெருவுக்குள் போனதில்லை. வீடு எது என்று தெரியவில்லை, கேட்டேன். ஒரு பாட்டிலில் டீயோடு எதிரே வந்த பெண் கையை நீட்டிக் காட்டினாள்.

ஆடு வாசலில் கட்டியிருந்தது. என்னை முகர்ந்தது.

எழில்மதி புத்தகத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.